வியன்னாவில் விட்டு வந்தவள்

ஆட்ரி மிச்சிகன் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஒரு பருவத்தை இத்தாலியில், பொலோஞ்ஞா நகரத்தில் படிக்க வந்தாள். மகள் படிக்கத்தான் போயிருக்கிறாள் என்று அவளுடைய அப்பா நம்பிக்கொண்டிருந்தார். கூட வந்த முப்பது அமெரிக்கப் பிள்ளைகளுக்குத்தான் உண்மை தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்ததும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, மலிவு விமானம் எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்குப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை கண் சிவக்க வந்து உட்கார்ந்து, யார் எத்தனை நகரம் பார்த்தார்கள் என்று பீற்றிக்கொள்வார்கள். மார்ச் முடிவதற்குள் ஆட்ரி ஏழு நகரம் பார்த்திருந்தாள். பார்த்தாள் என்றால் ஊருக்கு ஒரு பாலம், ஒரு கோபுரம், ஒரு மதுக்கடை.

அவளுடைய அறைத்தோழி லிபி நோவாச்செக் பொலோஞ்ஞாவைத் தாண்டியதே இல்லை.

லிபி நெப்ராஸ்காக்காரி. சோளக்காட்டுக்கு நடுவே ஆயிரம் பேர்கூடத் தேறாத ஊர். இரண்டு கோடை விடுமுறை முழுக்கத் தானியக் கிடங்கில் எடை போட்டுச் சேர்த்த பணத்தில் வந்திருந்தாள். நல்ல பெண், ஆனால் கைமறதி ஜாஸ்தி. வாரத்துக்கு இரண்டு முறையாவது சாவியை அறையிலேயே வைத்துவிட்டுத் தெருவில் நின்று கூப்பிடுவாள். வீட்டுக்காரி சிஞ்ஞோரா ஒர்நெல்லா இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து கூடையில் சாவியைப் போட்டுக் கயிறு கட்டி இறக்குவாள். "கழுத்தோட ஒட்டியிருக்கறதால பொழச்சே. இல்லேன்னா தலையையும் மேசை மேல வெச்சிட்டுப் போயிருப்பே!" என்று அந்தச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள்.

லிபியின் அம்மாவும் சிஞ்ஞோரா மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் கணினித் திரையில் முகம் தெரிந்த உடனே முதல் கேள்வி, "பாஸ்போர்ட் இருக்கா?" என்பதுதான். "ஸ்கூல் பஸ்ஸுல கையுறைய விட்டுட்டு வர்றவ நீ. அங்க என்னென்னத்தத் தொலச்சிட்டு வரப்போறியோ."

லிபி சிரித்துக்கொள்வாள். திரை அணைந்த பிறகு பாஸ்போர்ட்டை எடுத்து ஒருமுறை பார்த்து வைப்பாள்.

ஈஸ்டருக்குப் பத்து நாள் விடுமுறை வந்தது. ஆட்ரி வியன்னா, பிராக், புடாபெஸ்ட் என்று திட்டம் போட்டாள். அவள் பிராக்கைச் சேர்த்ததற்குக் காரணம் டால்டன். அதே வகுப்புப் பையன். உயரம், குழிவிழுந்த கன்னம், எதற்கும் கவலைப்படாத சிரிப்பு. அவனும் இன்னும் நாலு பேரும் ஈஸ்டருக்குப் பிராக்கில் இருக்கப் போகிறார்கள். ஆனால் வழித்துணைக்கு ஆள் வேண்டும். அவள் லிபியைப் பிடித்தாள்.

"நான் வரலடி. எனக்கு இந்த ஓட்டமெல்லாம் சரிப்படாது" என்றாள் லிபி.

"பிராக்குக்குப் போறோம்டி!"

லிபி தலையைத் தூக்கிப் பார்த்தாள். "பிராக்கா?"

அப்புறம்தான் சொன்னாள். அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் அந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறி நெப்ராஸ்காவுக்கு வந்தாராம். ஊரில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள். வருஷா வருஷம் கோடையில், பிராக் இருக்கிற செக் நாட்டின் பேரில் திருவிழா நடக்கும். அவளும் அம்மாவும் கொலாச்சி சுட்டு விற்பார்கள். நடுவில் பழக்கூழ் வைத்துச் சுடுகிற வட்ட ரொட்டி அது.

"எல்லாரும் பிராக் பிராக்குன்னு பாட்டுப் பாடுவோம். ஒருத்தரும் போய்ப் பாத்ததில்ல. எங்க வீட்டுல நான்தான் மொதல்ல பாப்பேன், இல்ல?"

"ஆமாடி. கெளம்பு."

"நான் எதையாவது எங்கயாவது விட்டுடுவேன், ஆட்ரி."

"நான் எதுக்கு இருக்கேன்? உன்னையும் பாத்துக்கறேன், உன் பையையும் பாத்துக்கறேன். போதுமா?"

வியாழக்கிழமை காலை வியன்னாவில் இறங்கினார்கள். லிபி டிராமில் ஏறினால் இறங்க மனசில்லாமல் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனாள். பார்க்கிற தேவாலயத்திலெல்லாம் நுழைந்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். தெருவோரக் கடையில் சுட்ட தொத்திறைச்சியை நின்றுகொண்டே தின்றுவிட்டு, கடுகுச் சாந்து ஒட்டிய வாயோடு, "இத எங்கப்பாகிட்ட சொன்னா நம்ப மாட்டார்" என்றாள். அவளோடு ஊர் பார்ப்பது தனியாகப் பார்ப்பதைவிட மெதுவாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. ஆட்ரிக்கே அது ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பழைய கஃபேயில் உட்கார்ந்தார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட பரிசாரகர் வெள்ளித் தட்டில் காப்பியும் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொண்டு வந்து வைத்தார். கழிவறை கீழே, படியிறங்கிப் போகவேண்டும். லிபி எழுந்தாள். தன் தோள்பையை நாற்காலியில் மாட்டினாள்.

"பையப் பாத்துக்கோடி."

"ம், போ."

அவள் போன கொஞ்ச நேரத்தில் ஆட்ரியின் போன் அடித்தது. டால்டன். கஃபேக்குள் ஒரே சத்தம். அவன் பேசுவது காதில் விழவில்லை. ஆட்ரி எழுந்து வாசலுக்குப் போனாள். மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ. "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரட்டுமா?" என்று அவன் கேட்டான். மனசு வானத்தில் பறக்க அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் குடித்தாள். நாற்காலியில் பை இல்லை என்பது அவள் கண்ணில் படவே இல்லை.

லிபி வந்து நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள், மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். "பை எங்கடி?"

ஆட்ரி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நொடியில் உண்மை அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"நீதானே எடுத்துட்டுப் போன?"

"நானா? இல்லயே... மாட்டிட்டுதானே போனேன்?"

"எடுத்துட்டுப் போனேன்னுதான் நெனச்சேன். கீழ வெச்சிட்டியோ என்னமோ."

லிபியின் முகம் குழம்பியது. தன் ஞாபகத்தைத் தானே நம்பாத முகம் அது. இருபது வருஷமாக எல்லோரும் சொல்லிச் சொல்லி அப்படி ஆகியிருந்தது. தடதடவென்று படியிறங்கி ஓடினாள். ஆட்ரியும் பின்னால் ஓடினாள். கீழே ஒன்றுமில்லை. பையில் பாஸ்போர்ட், வங்கி அட்டை, பணம், பிராக் ரயில் சீட்டு, எல்லாம் இருந்தன.

"அங்கதான் வெச்சிருப்பேன். எவளோ எடுத்துட்டுப் போயிட்டா" என்று சுவரில் சாய்ந்தபடி லிபி சொன்னாள். "எங்கம்மா சொன்னது சரிதான். சொன்னது சரிதான்."

போலீஸ் நிலையத்தில் ஓர் இளம் அதிகாரி ரொம்ப மரியாதையாகத் தட்டச்சு செய்தார். கடைசியாகப் பையைப் பார்த்தது எங்கே என்று கேட்டார். "கழிவறையில" என்றாள் லிபி. அவர் அதைத் தட்டச்சு செய்யும்போது ஆட்ரி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூதரக அலுவலகம் அன்றைக்கு மூடிவிட்டது. சனி, ஞாயிறு, ஈஸ்டர் திங்கள். இனி செவ்வாய்க்கிழமைதான். பாஸ்போர்ட் இல்லாமல் புடாபெஸ்டிலிருந்து பொலோஞ்ஞா திரும்புகிற விமானத்தில் ஏற முடியாது. வேறு பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை இருக்கிற இடத்தைவிட்டு நகரவேண்டாம் என்று பொலோஞ்ஞாவிலிருந்து பேராசிரியர் போனில் சொன்னார்.

விடுதிக்கு வந்ததும் லிபி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ நாளைக்குக் கெளம்பு" என்றாள்.

"உன்ன விட்டுட்டா?"

"நான் பண்ணின தப்புக்கு நீ எதுக்கு இங்க கெடக்கணும்? சீட்டெல்லாம் வாங்கியாச்சு. போடி."

'நான் பண்ணின தப்பு' என்ற வார்த்தை ஆட்ரியின் காதில் அறைந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் அவள் கோபப்படுவாள், நானும் இங்கேயே கிடக்கவேண்டும், டால்டன் ஸ்டேஷனில் நிற்பான் என்றும் நினைத்தாள். ஒரு பொய்யை ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டால் அப்புறம் அதைத் திருப்பிக் கொடுப்பது லேசில்லை. "நெஜமாவா சொல்றே? பயமா இருக்காதா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"பயமாத்தான் இருக்கும். அதுக்கென்ன." லிபி சிரிக்கப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் பண்ணு. அங்க ஒரு கொலாச்சி வாங்கிச் சாப்பிடு. எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லு."

சனிக்கிழமை காலை ஸ்டேஷன் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். கோட்டுப் பையில் கிடந்த சில்லறையில் சீஸ் வைத்த ரொட்டி இரண்டு வாங்கி ஆட்ரியின் கையில் திணித்தாள். ஆட்ரி தன்னிடமிருந்த யூரோவில் பாதியை அவளிடம் கொடுத்தாள். ரயில் நகர்ந்தபோது லிபி நடைமேடையில் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்து இருக்கை லிபிக்குப் பதிவு செய்தது. பிராக் வரை காலியாகவே வந்தது. ஆட்ரி அதில் தன் கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

பிற்காலத்தில் அவளை ரொம்ப அரித்தது என்னவென்றால், பிராக்கில் அவள் சந்தோஷமாக இருந்தாள். மனசு உறுத்தியது, சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல வழியில்லை. டால்டன் ஸ்டேஷனில் நின்றான். பழைய சதுக்கத்து ஈஸ்டர் சந்தையில் வர்ணம் பூசிய முட்டைகளை விற்றார்கள். பன்றித்தொடை வாட்டுகிற வாசனை தெருவெங்கும் அடித்தது. திங்கட்கிழமை அந்த ஊர் வழக்கப்படி பையன்கள் பின்னிய வில்லோ மரக் குச்சியால் பெண்களின் காலில் விளையாட்டாக அடித்துக்கொண்டு திரிந்தார்கள். டால்டனும் ஒன்று வாங்கி அவளைத் துரத்தினான். ஆற்றங்கரையில் வைத்து முத்தமிட்டான்.

"உன் ரூம்மேட் வரேன்னு சொன்னாளே, எங்க?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

"ஐயோ, அவளா! வியன்னாவுல பாஸ்போர்ட்டத் தொலச்சிட்டா. டாய்லெட்ல பைய வெச்சிட்டு வந்துட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். ஆட்ரி சிஞ்ஞோரா ஒர்நெல்லாவின் கூடைக் கதையையும் சேர்த்துச் சொன்னாள். இன்னும் சிரித்தார்கள். அன்றைக்கு அந்தக் கதை அவளுக்கு நன்றாகவே வந்தது.

கொலாச்சி சாப்பிட மறந்துபோனாள்.

புடாபெஸ்டையும் பார்த்துவிட்டு அடுத்த வியாழக்கிழமை பொலோஞ்ஞா திரும்பினாள். லிபி முந்தின நாளே ரயிலில் வந்து சேர்ந்திருந்தாள். சமையலறையில் சிஞ்ஞோரா ஒர்நெல்லாவோடு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் இளைத்திருந்தது. மற்றபடி அமைதியாகத்தான் இருந்தாள்.

"பாஸ்போர்ட் கெடச்சிருச்சா?"

"செவ்வாக்கெழமையே குடுத்துட்டாங்க. நல்லவங்க." லிபி ஒரு காயைப் பிளந்தாள். "பிராக் எப்படி இருந்துச்சு?"

"சூப்பர்டி. நீ வந்திருக்கணும்."

"கொலாச்சி சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேனே. அப்படியே உங்கம்மா செய்யற மாதிரி இருந்துச்சு."

"எங்கம்மா செஞ்சத நீ சாப்பிட்டதே இல்லயே."

சிஞ்ஞோராவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் கையை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆட்ரிக்கு முகம் சுட்டது. "நீ சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கேன்ல, அத வெச்சுச் சொன்னேன்" என்று சமாளித்தாள்.

லிபி அவளையே பார்த்தாள். "வேற ஏதாவது சொல்லணுமா, ஆட்ரி?"

"வேற என்ன? ஒண்ணுமில்லயே."

"சரி" என்று லிபி மறுபடி பட்டாணியை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. லிபி காலையில் சீக்கிரம் எழுந்து நூலகத்துக்குப் போனாள். சாயங்காலம் வந்து படுத்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். இரண்டு வாரம் போனதும், பருவத்தை முடிக்காமல் ஊருக்குப் போகப் போவதாகச் சொன்னாள்.

"ஏன்டி? இன்னும் ஆறே வாரம்தானே?"

"எனக்கு இது ஒத்து வரல. அம்மா மொதல்லயே சொன்னாங்க."

கிளம்புகிற நாள் சிஞ்ஞோரா ஒர்நெல்லா அழுது தீர்த்தாள். லிபியின் பெட்டிக்குள் ஒரு பெரிய பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றி வைத்தாள். அப்புறம் ஆட்ரியைச் சமையலறைக்குள் இழுத்து, "இது பாஸ்போர்ட் வெவகாரம் இல்ல பொண்ணே. என் கண்ணுக்குத் தப்பாது. என்ன நடந்துச்சுன்னு நீ கேட்டியா அவள?" என்றாள்.

"கேட்டேன், சிஞ்ஞோரா."

"கேட்டியா!" என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

விமான நிலையப் பேருந்துக்காக இருவரும் நிறுத்தத்தில் நின்றார்கள். பேருந்து வளைவில் திரும்பும்போது ஆட்ரி லிபியின் முழங்கையைப் பிடித்தாள். "லிபி, அந்தக் கஃபேயில..." என்று ஆரம்பித்தாள்.

லிபி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். முழுசாகத் திரும்பி அவளுக்கு நேராக நின்றாள். காத்திருந்தாள்.

பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் சீக்கிரம் சீக்கிரம் என்று கையை ஆட்டினார்.

"...ரொம்பப் பாவம்டி நீ" என்றாள் ஆட்ரி.

லிபி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

ஒன்பது வருஷம் ஓடியது. டால்டன் அந்தக் கோடையோடு சரி. ஆட்ரி மிச்சிகனிலேயே கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் ஒரு பள்ளியில் சரித்திர ஆசிரியை ஆனாள், கல்யாணம் செய்துகொண்டாள். பாஸ்போர்ட் தொலைத்த தோழியின் கதையை விருந்துகளில் நாலைந்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் கணவன் வேறு யாருக்கோ அதே கதையைச் சொல்லிச் சிரித்தபோது, அவளால் அந்த மேசையில் உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றையிலிருந்து அந்தக் கதையைச் சொல்வதில்லை. லிபியின் எண்ணைத் தேடி வைத்துக்கொண்டாள், ஆனால் கூப்பிடவில்லை.

பிறகு ஒரு நவம்பரில், லிபியின் அம்மா இறந்துபோன செய்தியை இணையத்தில் பார்த்தாள். துக்கம் கேட்க என்று போன் செய்தாள். துக்கம் கேட்பது பாதிக் காரணம்தான் என்பது கூப்பிடும்போதே அவளுக்குத் தெரியும்.

லிபியின் குரல் அப்படியே இருந்தது. "ஆட்ரியா? எந்த ஆட்ரி... அட!" அம்மாவின் வியாதியைப் பற்றிச் சொன்னாள், கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னாள். ஆட்ரி பொறுமையாகக் கேட்டாள். பேச்சு ஓய்ந்த இடத்தில், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், லிபி. ரொம்ப வருஷமா சொல்லணும்னு..." என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். போன் வந்தது, வாசலுக்குப் போனது, 'நீதானே எடுத்துட்டுப் போன' என்று சொன்னது, எல்லாம்.

மறுமுனையில் லிபி ஏதோ ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும்" என்றாள் லிபி.

"என்ன?"

"நீ பிராக்குக்குப் போனியே, அன்னிக்கே நான் திரும்ப அந்தக் கஃபேக்குப் போனேன். பைய யாராவது எடுத்துக் குடுத்திருப்பாங்களான்னு கேக்க. அந்தக் கறுப்புக் கோட்டு ஆளு இருந்தார். 'உன் சிநேகிதி போன் பேச வெளிய போனப்ப பை நாற்காலியிலதான் தொங்கிட்டிருந்துச்சும்மா, நான் என் கண்ணால பாத்தேன்'னார்."

"அன்னிக்கேவா?" என்றாள் ஆட்ரி.

"மூணு நாள் அங்க வேற வேல என்ன? நீ போன் பண்ணிச் சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன். சரி, நேர்ல சொல்லுவேன்னு பொலோஞ்ஞா வந்தேன். பை போனதுக்கு நான் கோவிச்சிருக்கவே மாட்டேன்டி. யாருக்கு வேணா நடக்கும். ஆனா என் மூளையிலதான் கோளாறுன்னு என்னையே நம்ப வெச்சிட்டு, நீ பக்கத்துக் கட்டில்ல நல்லாத் தூங்கினே பாரு. அந்த ரூம்ல என்னால இருக்க முடியல."

"நீயாவது கேட்டிருக்கலாமே, லிபி!"

"கேட்டா நீ ஒத்துக்கிட்டிருப்பே. ஆனா அது நீயா சொன்ன மாதிரி ஆகுமா?"

ஆட்ரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. 'எங்க லிபி ஐரோப்பாவுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டத் தொலச்சவ'ன்னு. பக்கத்து வீட்டுக்காரங்க, நர்ஸு, எல்லார்கிட்டயும்."

"அவங்ககிட்டயாவது நெஜத்தச் சொல்லியிருக்கலாமே?"

"மொதல்ல உன்ன விட்டுக்குடுக்க மனசு வரல. அப்புறம் சொன்னா நம்ப மாட்டாங்கன்னு தோணிச்சு. அப்புறம் அவங்களுக்கு அத விட்டா சிரிக்க வேற ஒண்ணும் இல்லாம போச்சு." லிபி மூக்கை உறிஞ்சினாள். "சரி, விடு."

ஆட்ரி அழுதுகொண்டே சொன்னாள்: "நாம ரெண்டு பேரும் சேர்ந்து போவோம் லிபி. பிராக்குக்கு. அடுத்த கோடையில. நான் கூட்டிட்டுப் போறேன். ப்ளீஸ்."

"நான் போயிட்டு வந்துட்டேன்" என்றாள் லிபி. குரலில் கசப்பில்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நாலு வருஷம் ஆச்சு. தனியாத்தான் போனேன். ஒண்ணையும் தொலைக்கல."

பின்னால் கதவு திறக்கிற சத்தமும் பேச்சுக் குரல்களும் கேட்டன. "சர்ச்சுலேர்ந்து சாப்பாடு எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க. துக்க வீடுன்னு ஆளாளுக்கு ஒரு தட்டு நூடுல்ஸ வேக வெச்சுத் தூக்கிட்டு வந்துட்டாங்க, வெக்க எடமில்ல. நான் போன வெக்கட்டுமா?"

"சரி. லிபி..."

"நல்லா இரு, ஆட்ரி."

அன்று இரவே ஆட்ரி நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். திருத்தி, கிழித்து, மறுபடி எழுதி, மூன்றாம் நாள் தபாலில் போட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நெப்ராஸ்காவிலிருந்து ஓர் உறை வந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே பிரித்தாள். உள்ளே அச்சடித்த அட்டை ஒன்று. சாவு வீட்டுக்கு வந்தவர்கள், பூ அனுப்பியவர்கள் எல்லோருக்கும் அனுப்புகிற அட்டை அது. எங்கள் துக்கத்தில் பங்கெடுத்துக்கொண்டமைக்கு நன்றி, நோவாச்செக் குடும்பத்தினர், என்று இருந்தது. ஆட்ரி உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தாள். வேறு காகிதம் எதுவும் விழவில்லை. உள்ளே அவள் கணவன் சமையலறையிலிருந்து, "யார்கிட்டேர்ந்து?" என்று கேட்டான்.

"பொலோஞ்ஞாவுல கூடப் படிச்சவ" என்றாள்.

"யாரு, அந்தப் பாஸ்போர்ட்டத் தொலச்ச பொண்ணா?"

"அவ தொலைக்கல" என்றாள் ஆட்ரி. கோட்டோடு போய்ச் சமையலறையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.